போலி வீடியோவும் ரசிகர் கூட்டமும்: நீங்கள் நேரில் பார்த்தது என்ன? சேலம் மாவட்டத்திலிருந்து மூவர் சொல்கிறார்கள்

சூரமங்கலம்:

சேலத்திலிருந்து கேம் லைவ் போடும் ஒரு அக்காவுக்கு நான் மாடரேட்டர். அவர் விளையாடுவார், நான் சாட்டைக் கவனிப்பேன். போன வருடம் ஒரு ராத்திரி லைவ் நடுவே ஒருவன் வந்து, "அக்கா, டெலிகிராம்ல ஓடுதே, அது நீங்கதானா?" என்று கேட்டான். யாரோ அவர் முகத்தை ஆபாச வீடியோவில் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். அந்தக் கமெண்ட்டை நான் அழிப்பதற்குள் சரசரவென்று வந்து விழுந்தது ஒரே கேள்விதான்: "லிங்க் இருக்கா?" கேட்டவர்களில் பலர் தினமும் முதல் ஆளாக வந்து ஹார்ட் போடுகிறவர்கள். "எவன்டா இப்படிப் பண்ணது, விடக்கூடாது" என்று கொதித்த ஒருவரே, ஆதாரம் என்று சொல்லி லிங்க்கைக் குரூப்பில் போட்டார்! அக்கா மைக்கை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

செய்தவன் மாதாமாதம் மெம்பர்ஷிப் கட்டி, காசு கொடுத்துச் சூப்பர் சாட் போட்டுவந்த பையன். மாட்டியதும் அழுதுகொண்டே ஒரு வீடியோ போட்டான். அதோடு பேச்சே மாறிவிட்டது. "பாவம், படிக்கிற பையன். மன்னிப்புக் கேட்டுட்டானே, நீங்க பெரிய மனசு பண்ணக் கூடாதா?" என்று அக்காவிடமே வந்து கேட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

2023 ஜனவரியில், கேம் லைவ் போடும் தளமான ட்விச்சில் நடந்ததும் இப்படித்தான். ஏட்ரியாக் என்ற அமெரிக்க ஸ்ட்ரீமரின் திரையில், சக பெண் ஸ்ட்ரீமர்களின் முகத்தை ஏஐ வைத்து ஒட்டிய ஆபாச வீடியோக்கள் (டீப்ஃபேக்) இருந்த தளம் திறந்திருந்ததை லைவிலேயே எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அவரும் அழுது மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான ஸ்ட்ரீமர் க்யூடிசிண்டரெல்லாவோ லைவில் வந்து, இதைப் பரப்பாதீர்கள் என்று அழுதபடி கேட்க வேண்டியிருந்தது. மன்னிப்பதும் மன்னிக்காததும் அடிபட்டவர் பாடு. நடுவில் பஞ்சாயத்துப் பண்ண ரசிகர்கள் யார்?

அம்மாபேட்டை:

ரசிகன் இப்படிச் செய்வானா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டிப் பரப்பினார்களே, அந்த வழக்கில் 2024 ஜனவரியில் டெல்லி போலீஸ் கைது செய்தது ராஷ்மிகாவுக்கு ரசிகர் பக்கம் நடத்திய ஆளைத்தான். ஃபாலோயர்களைக் கூட்டத்தான் அதைச் செய்ததாகப் போலீஸ் சொன்னது.

நம்ம மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 2016இல், ஏஐ எல்லாம் வராத காலத்திலேயே, மார்ஃபிங் செய்த படத்தை முகநூலில் போட்டதால் இங்கே ஒரு பெண் உயிரை விட்டார். எங்கள் தறிப்பட்டறையில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை. அப்போதும் "எங்க, அந்தப் படத்தைக் காட்டு" என்று போனை நீட்டியவர்கள் இருந்தார்கள்.

ஏற்காடு:

என் தங்கை காபித் தோட்டம், லேடீஸ் சீட் என்று ரீல்ஸ் போடுவாள். அவளுக்கும் நடந்தது. வீடியோவை விட, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பயந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "கெளம்பும்மா, பஸ் போயிரப் போவுது" என்று சட்டையை எடுத்து மாட்டினார்.

சேலத்தில் சைபர் கிரைமில் முதலில் கேட்டது லிங்க்கையும் அந்த ஐடியையும்தான். அதனால் கோபத்தில் உடனே பிளாக் பண்ணிவிடாதீர்கள். லிங்க்கைக் காப்பி எடுத்து, தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொண்டு அப்புறம் பிளாக் பண்ணுங்கள். ஸ்டேஷனுக்குப் போகத் தயங்கினால், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். வீடியோ ஓடுகிற தளங்களிடமும் தனியாகப் புகார் கொடுங்கள். இப்படி முகம் ஒட்டிய படம் என்றால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே வைத்திருந்தார்கள்; 2026 பிப்ரவரியில் அந்தக் கெடுவை 2 மணி நேரமாகக் குறைத்தார்கள்.

இன்னொன்று, ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே அதற்குக் கைரேகை மாதிரி ஒரு குறியீடு உருவாகி, அது மட்டும்தான் போகும். அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தடுக்கும். இது 18 வயது ஆனவர்களுக்கு. அதற்குக் கீழ் என்றால் டேக் இட் டவுன் என்று வேறொரு தளம் இருக்கிறது.