முதல் மில்லியனர் யார்: வாக்கரா, மலோனா?

செம்பருத்தி:
"சொந்த உழைப்பில் மில்லியனர் ஆன முதல் அமெரிக்கப் பெண் மேடம் சி. ஜே. வாக்கர்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதினார். எல்லாரும் கைதட்டினீர்கள். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. கறுப்பினப் பெண்களுக்குக் கூந்தல் தைலம் விற்ற தொழிலதிபர் அன்னி டர்ன்போ மலோன் பெயரை ஒருவரும் சொல்லவில்லையே! செயின்ட் லூயிஸில் துணி வெளுத்துப் பிழைத்த சாரா பிரீட்லவ், மலோனின் கூந்தல் தைலத்தை விற்றுத்தான் தொழில் படித்தார். 1905இல் டென்வர் போனார், அடுத்த ஆண்டு சார்ல்ஸ் வாக்கரைக் கட்டிக்கொண்டு 'மேடம் வாக்கர்' ஆனார். முதல் என்றால் மலோன்தான்.

வெண்ணிலா:
எழுதியது நான்தான். 'ஒருவர்' என்று மறைத்துப் பேச வேண்டாம். கின்னஸிலேயே வாக்கர் பெயர்தான் இருக்கிறது. அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1867இல் பிறந்தவர். 7 வயதில் அநாதை, 14 வயதில் கல்யாணம், 20 வயதில் விதவை. அப்படிப்பட்டவரைப் புகழ்ந்தால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது?

செம்பருத்தி:
அவர் பட்ட கஷ்டத்தை யார் மறுத்தது? 'முதல்' என்ற சொல்லுக்குப் பதில் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை:
1919இல் வாக்கர் இறந்தபோது சொத்து சுமார் 6 லட்சம் டாலர். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, தான் இன்னும் மில்லியனர் ஆகவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். முதலில் மில்லியன் எங்கே என்று காட்டுங்கள்.

வெண்ணிலா:
இண்டியானாபோலிஸ் தொழிற்சாலை, இர்விங்டனில் கட்டிய வில்லா லெவாரோ மாளிகை, கம்பெனியின் பெயர் மதிப்பு, இதெல்லாம் காசு இல்லையா? மலோனுக்கு 14 மில்லியன் டாலர் சொத்து என்பார்களே, அது 1920களின் கணக்கு. அப்போது வாக்கர் உயிரோடு இல்லை. பிறகு எப்படி மலோன் முதல்?

தாமிரபரணி:
எதற்குச் சண்டை? முடியை நேராக்கும் சூடு சீப்பைக் கண்டுபிடித்ததே வாக்கர்தானே, அது போதாதா?

செம்பருத்தி:
தம்பி, போன மாதமே இதைத் திருத்தினேன், நீங்கள் காதில் வாங்கவில்லை. அவருக்கு முன்பே பிரான்சில் சூடு சீப்பு இருந்தது. வாக்கர் அதைப் பரப்பினார், அவ்வளவுதான். வாக்கர் தன் பெயரில் விற்ற தைலமும் புதுசு இல்லை. கந்தகமும் பெட்ரோலேட்டமும் (வாசலின் போன்ற களிம்பு) கலந்த மருந்து வாக்கருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.

தாமிரபரணி:
போன மாதம் நீங்கள் திருத்தவில்லை, திட்டினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

வெண்ணிலா:
சரி, கலவை பழசு என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களை முகவர்களாக்கி, வீட்டு வேலையிலிருந்து மீட்டது யார்? 1912இல் சிகாகோவில் நடந்த கறுப்பின வணிகர் மாநாட்டில், கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் வாக்கருக்குப் பேச வாய்ப்புத் தரவில்லை. பருத்திக் காட்டிலிருந்து வந்த பெண் நான் என்று தானாகவே எழுந்து பேசினாரே! எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

செம்பருத்தி:
எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் முகவர்களைத் திரட்டியதும் மலோன் முன்பே செய்ததுதான், அந்த முகவர்களில் ஒருவர்தான் சாரா. மலோன் 1918இல் செயின்ட் லூயிஸில் போரோ என்ற அழகுக்கலைக் கல்லூரி கட்டினார், அநாதை விடுதிக்கு அள்ளிக் கொடுத்தார். 1927இல் விவாகரத்து, பிறகு வழக்கு, வரி பாக்கி என்று எல்லாம் கரைந்தது. 1957இல் இறந்தபோது பெரிய சொத்து மிஞ்சவில்லை. தோற்றவர் பெயரை அழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் முதல் மலோன் என்கிறேன், நாளைக்கும் அதையேதான் சொல்வேன்.

கணக்கப்பிள்ளை:
மில்லியன் எங்கே என்ற கேள்விக்கு இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை.

வெண்ணிலா:
உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது ஐயா. மாளிகையைப் பற்றி எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் படியுங்கள். வாக்கர்தான் முதல்.

செம்பருத்தி:
மலோன்.