கதையைக் கூறுபோட்டுப் படிப்பதால் வாசகனுக்கு என்ன லாபம்?

கணக்கர்: கதை படிக்க எனக்கும் பிடிக்கும். ஆனால் இலக்கியத்தைப் பாடமாக வைத்துக் கூறுபோட்டுப் படிப்பதால் என்ன கிடைக்கிறது? உரையை மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டுகிறோம், அதோடு சரி.

நூலாம்படை: ஏன் இல்லை? இலக்கியத் தரமான கதையைக் கொஞ்ச நேரம் படித்தவர்கள், பிறர் மனநிலையைக் கணிக்கும் சோதனையில் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள் என்று 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் ஆய்வே வந்தது.

கணக்கர்: மற்ற ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செய்து 2016இல் வெளியிட்டபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படித்தால் குணம் வரும் என்றால் எழுத்தாளர்கள் ஏன் இப்படிச் சண்டை போடுகிறார்கள்?

மருதன்: இதில் நான் கணக்கர் பக்கம். இலக்கியம் படித்தால் நல்லவனாவோம் என்று வாதாடுவது வீண் வேலை. ஆனால் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. தலைவி சொல்கிறாள்: அவன் என்னோடு கூடியபோது வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற பசுமையான கால்களோடு ஒரு குருகும் நின்றது, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி. மொத்தமே ஐந்தடி. சும்மா படித்தால் ‘ஆகா, இயற்கை வர்ணனை’ என்று தாண்டிவிடுவோம். நிதானித்துப் பாருங்கள். இருந்த ஒரே சாட்சி பறவை. அதற்குப் பேச்சு வராது. போதாததற்கு அதன் கண்ணும் மீன் மேல். ‘பயமாக இருக்கிறது’ என்று அவள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. இப்படிப் படிக்க யாராவது பழக்கிவிட வேண்டியிருக்கிறது.

கணக்கர்: நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல உரை ஒன்றை வாங்கி வீட்டிலேயே படித்துக்கொள்ளலாமே?

மருதன்: தாராளமாக. ஆனால் அந்த உரை எங்கிருந்து வந்தது? உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டு எந்தச் சொல் சரியான பாடம் என்று பார்த்து, 1937இல் உரையோடு குறுந்தொகையைப் பதிப்பித்தார். அதுவும் இலக்கியப் படிப்புதான்.

கணக்கர்: அது அறிஞர் வேலை, ஐயா. நான் கேட்பது சாதாரண வாசகனைப் பற்றி. ‘இப்பாடலின் ஆசிரியர் யார்?’ என்று ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்கும் படிப்பில் உங்கள் குருகு எங்கே வருகிறது?

மருதன்: வராது. கேள்வித்தாளைத் திட்டுவதென்றால் நானும் கூட வருகிறேன். அதற்காகப் படிப்பையே வேண்டாம் என்பீர்களா?

நூலாம்படை: நடுவில் ஒரு சந்தேகம். குருகின் கால் நிறம் வரைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது. அப்படியானால் அந்த நேரத்தில் அவள் பார்வையும் அவன் மேல் இல்லையோ?