மோனோலேயர் கணக்கில் ‘ஒன்று’ என்பது எது?

வணக்கம். மோனோலேயர் என்றால் ஒரே ஒரு மூலக்கூறின் தடிமன் உள்ள படலம் என்பது வரை தெளிவு. நீர்ப்பரப்பில் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் மூலக்கூறுகள் நிமிர்ந்து நெருங்கி நிற்கும் படலம் அப்படித்தான், சுமார் 2.5 நானோமீட்டர். கார்பன் தாளான கிராஃபீனில் ஒரே அணு அடுக்கு. மாலிப்டினம் டைசல்ஃபைடில் மட்டும் கந்தகம், மாலிப்டினம், கந்தகம் என மூன்று அடுக்குகள் சேர்ந்ததே ஒன்று. பிணைப்பால் பிரிக்க முடியாத அலகு என்பதால்தானே?

அதைவிடக் குழப்புவது ‘0.5 மோனோலேயர்’. பரப்பில் பாதி இடங்கள் நிரம்பியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். அப்புறம், முழு 1 என்பது அடிப்பரப்பின் அணுக்களின் எண்ணிக்கையா, அல்லது அதிகபட்சம் ஒட்டக்கூடிய மூலக்கூறுகளின் எண்ணிக்கையா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். வாயுவின் அழுத்தத்தையும் பரப்பு நிரம்பும் அளவையும் இணைக்கும் லாங்மியூர் சமன்பாட்டில் போடும்போது விடையே மாறிவிடுகிறது. பரப்பு வேதியியல் தெரிந்தவர்கள், எங்கே எதைக் கொள்வது என்று தயவுசெய்து விளக்குங்கள்.