சுரங்கத் தண்ணில ஹீட்டர்: நேர்ல பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

பெரம்பூர் ஏசி மெக்கானிக்:
போன டிசம்பர்ல பொண்ணு வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன், கேட்ஸ்ஹெட் பக்கம். குளிர்ல கை வெறச்சு போய் ஆத்தோரமா இருக்குற கிளாஸ்ஹவுஸ் கச்சேரி ஹாலுக்குள்ள ஒதுங்குனோம், உள்ள நல்ல கதகதப்பு. இந்த சூடு ஊருக்கு அடியில இருக்குற பழைய நிலக்கரி சுரங்கத்துலருந்து வருது மாமான்றாரு மாப்ள. நான் நம்பல. சுரங்கத்த மூடுனப்புறம் ரொம்பி நிக்கிற தண்ணி, 150 மீட்டர் ஆழத்துல வெறும் 15 டிகிரிதான், அதுல என்னய்யா காய வைக்கிறதுன்னு கேட்டா ஹீட் பம்ப்புன்றாரு. அட, நம்ம கம்ப்ரஸர்தான்! ரூம் சூட்ட நாம வெளிய தள்றோம், அவன் தண்ணியில இருக்குற சூட்ட உறிஞ்சி 80 டிகிரி வரைக்கும் ஏத்தி பைப்புல ஊருக்கு அனுப்புறான், தண்ணிய திரும்ப சுரங்கத்துக்கே வுட்டுர்றான். 6 மெகாவாட் மெஷின், 2023ல ஆரம்பிச்சது. கரண்டு செலவு இருக்கு, ஓசியெல்லாம் இல்ல, ஆனா கேஸ் எரிக்க வேணாம்ல.

வியாசர்பாடி பேரன்:
அண்ணே, எங்க தாத்தா கோலார் தங்கவயல்ல சாம்பியன் ரீஃப்ன்ற சுரங்கத்துல வேல பாத்தவரு. 3 கிலோமீட்டருக்கும் கீழ, பாறையே 60 டிகிரிக்கு மேல கொதிக்குமாம், ஷிப்ட் முடிஞ்சு மேல வந்தா பனியன புழிஞ்சா சொம்புல புடிக்கலாம்னு சொல்லுவாரு (தாத்தா கொஞ்சம் ஏத்தி சொல்ற ஆளு). 2001ல மூடிட்டாங்க, பம்ப்ப நிறுத்துனதும் தண்ணி ஏறிடுச்சு. அத்தையோட போய் பாத்தேன், சுரங்கத்துக்குள்ள எறங்குற ஷாஃப்ட் மேல துருப்புடிச்ச சக்கரம்தான் நிக்குது. அந்த தண்ணிய வெச்சு நம்மூருக்கு ஏசி போட முடியாதா?

பெரம்பூர் ஏசி மெக்கானிக்:
கோலார் எங்க, மெட்ராஸ் எங்க தம்பி, அவ்ளோ தூரம் பைப் போட்டா வழியிலயே எல்லாம் போயிடும். ஆனா ஏசி நடக்காத விஷயம் இல்ல. நெதர்லாந்துல ஹேர்லன்னு ஒரு ஊரு, 2008லருந்து பழைய சுரங்கத் தண்ணிய வெச்சே ரெண்டும் ஓட்டுறாங்க. 700 மீட்டர் கிட்ட ஆழத்துலருந்து 28 டிகிரி தண்ணி ஹீட்டிங்குக்கு, மேல்மட்டத்து 16 டிகிரி தண்ணி கூலிங்குக்கு. நம்ம போர் தண்ணி? வாளில புடிச்சாலே வெதுவெதுன்னு இருக்கு, அதுல எங்க போய் குளுகுளு.

எண்ணூர் காட்டுக்குப்பம்:
வெதுவெதுன்னா எங்க ஆத்துக்கு வாங்க. கரண்டு தயாரிக்கிற எடத்துலருந்து வர்ற சுடுதண்ணி அப்படியே கலக்குது, எறால் தடவ எறங்குனா முட்டி வரைக்கும் ஹீட்டர் போட்ட மாதிரி. அவன் சூட்டுக்கு சுரங்கத்துல பம்ப் எறக்குறான், இங்க வாசலுக்கே வருது, இன்னா பண்றதுன்னு தெரியல. நேத்து எங்கம்மா காலைல எறங்கி மத்தியானம் ஏறுச்சு, இடுப்புப் பறில ஒரு கை எறால்கூட இல்ல.