பழைய லாரி, சார்ஜ் ஏறல. பேட்டரியை நம்பி ஓட்டலாமா? அவசரம்

ஓட்டைலாரி:
வணக்கம். அப்பா காலத்து வண்டி. நேத்துலேர்ந்து ஆம்ப் மீட்டர் முள்ளு மைனஸ் பக்கமே, அதாவது பேட்டரி காலியாகிற பக்கமே, சாஞ்சு கிடக்கு, ரேஸ் பண்ணினாலும் அசையல. நாளைக்குக் காலையில 140 கிலோமீட்டர் போயாகணும். பேட்டரி புதுசு. போய்ச் சேருமா?

டீசல்புகை:
பெட்ரோலா டீசலா? அதைச் சொல்லாம என்னத்தைச் சொல்றது? பம்ப் டீசலா இருந்தா ஒருதடவை ஸ்டார்ட் ஆனப்புறம் ஸ்டாப் வயரை இழுக்கிற வரைக்கும் ஓடும், பேட்டரியே வேண்டாம்.

கிரீஸ்கை:
6 வோல்ட்டா 12 வோல்ட்டா? பேட்டரியை சார்ஜ் பண்றது பழைய டைனமோவா, புது மாதிரி ஆல்டர்னேட்டரா? ஃபேன் பெல்ட்டைப் பாத்தீங்களா? அதே பெல்ட்டுல தண்ணி பம்பும் ஓடினா, பெல்ட் அறுந்த வண்டியில பேட்டரி தீர்றதுக்கு முன்னாடியே இஞ்சின் கொதிச்சிடும்.

ஓட்டைலாரி:
பெட்ரோல். 12 வோல்ட், பேட்டரி 75 ஆம்பியர் அவர். பெல்ட் நல்லாத்தான் இருக்கு. டைனமோதான்னு நினைக்கிறேன், நீளமா உருளை மாதிரி இருக்கு.

மின்னல்:
சாவி போட்டா சார்ஜ் சிவப்பு லைட் எரியுதா?

ஓட்டைலாரி:
அந்த பல்பு எப்பவோ ஃபியூஸ் போயிருச்சு.

மின்னல்:
அதேதான் கோளாறு! பல்பு வழியா கரண்ட் போனாத்தான் சார்ஜிங் ஆரம்பிக்கும். பல்பை மாத்துங்க, முடிஞ்சது.

வோல்ட்மீட்டர்:
தம்பி மின்னல், அது ஆல்டர்னேட்டர் கதை. டைனமோ தன் இரும்புல மிச்சமிருக்கிற காந்தத்தை வச்சே கிளம்பிடும், பல்பு வெறும் அறிவிப்பு. அரைகுறையா படிச்சிட்டு வைத்தியம் பார்க்காதீங்க. கேட்டவரும் முதல்லயே இதையெல்லாம் எழுதியிருந்தா இத்தனை கேள்வி வந்திருக்காது.

கணக்கு நான் போடுறேன். பெட்ரோல் இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற காயில் ஏறக்குறைய 4 ஆம்பியர் இழுக்கும். மணிக்கு 45ல போனா மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, ஆம்பியரை மணியால பெருக்கினா 12, 13 ஆம்பியர் அவர். முழுசா சார்ஜ் ஆன பேட்டரியில பாதி வரைக்கும் எடுத்தாலும் 37 கிடைக்கும். பகல்ல தாராளமா போகலாம். ஹெட்லைட் ரெண்டும் போட்டா மணிக்கு 9 ஆம்பியர் அவர் கூடுதல், அப்போ கணக்கு தலைகீழா மாறும்.

பழையவன்:
இவ்வளவு கணக்கு எதுக்கு? வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழட்டுங்க. அணைஞ்சா டைனமோ அவுட். எங்க மேஸ்திரி அப்படித்தான் பாப்பார்.

கிரீஸ்கை:
அண்ணே, தயவுசெய்து அதைச் சொல்லாதீங்க. ஆல்டர்னேட்டர்ல டயோடு போயிடும். டைனமோன்னாலும் பேட்டரி இல்லாம வோல்ட் ஏறி பல்பெல்லாம் பொசுங்கும்.

பழையவன்:
நாப்பது வருஷமா கழட்டறேன், ஒரு பல்பும் பொசுங்கல.

வோல்ட்மீட்டர்:
பொசுங்காதது உங்க அதிர்ஷ்டம், முறை சரின்னு அர்த்தமில்ல.

பழையவன்:
மீட்டர் வச்சிருக்கிறவன் எல்லாம் மெக்கானிக் இல்ல தம்பி.

டீசல்புகை:
சண்டையை அப்புறம் வச்சுக்கலாம், அவர் காலையில கிளம்பணும். ஓட்டைலாரி அண்ணே, ராத்திரி முழுக்க சார்ஜர்ல போடுங்க. காலையில கழட்டி, கொஞ்ச நேரம் விட்டு அளந்தா 12.6 வோல்ட் இருக்கணும். வழியில தேவையில்லாம இஞ்சினை அணைக்காதீங்க. செல்ஃப் மோட்டார் இழுக்கிறது சில விநாடிதான், ஆனா அந்த விநாடியில இருநூறு ஆம்பியர் வரைக்கும் கேட்கும். தளர்ந்த பேட்டரியால அதைக் கொடுக்க முடியாது. அணைச்சாலும் சாவியைத் திருப்பி எடுத்துடுங்க.

கிரீஸ்கை:
நேரம் இருந்தா டைனமோவையும் பாத்துடுங்க. அதுல இருக்கிற ரெண்டு வயரையும் கழட்டிட்டு, டெர்மினல் ரெண்டையும் ஒரு துண்டு வயரால இணைச்சு, அதுக்கும் எர்த்துக்கும் (வண்டி பாடி) நடுவில வோல்ட் மீட்டர் வைங்க. இஞ்சினை ஸ்லோல இருந்து மெதுவா ஏத்துங்க, 20 வோல்ட் தாண்ட விடாதீங்க. முள்ளு ஏறினா டைனமோ நல்லது, சார்ஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரைப் பாக்கணும். ஒண்ணுமே காட்டலன்னா டைனமோவுக்குள்ள உரசி கரண்ட் எடுக்கிற கார்பன் பிரஷ்.

மின்னல்:
எனக்கென்னவோ எர்த் லூஸ்னு தோணுது.

வோல்ட்மீட்டர்:
அப்போ பல்பு, இப்போ எர்த்.

(மறுநாள் இரவு)

ஓட்டைலாரி:
போய்ச் சேந்தாச்சு. நடுவுல மழை, அரைமணி நேரம் வைப்பர் ஓடுச்சு. நிறுத்திப் பாத்தப்போ பேட்டரி 12.2 வோல்ட். அப்புறம் கிரீஸ்கை சொன்னபடி டைனமோவைச் சோதிச்சேன், மீட்டர் ஒண்ணுமே காட்டல, பிரஷ்தான். ஒண்ணு கூட்டுக்குள்ள கரி அப்பி ஒட்டிக்கிட்டு கீழ இறங்கவே இல்ல. பெட்ரோல்ல துடைச்சு விட்டதும் முள்ளு பிளஸ் பக்கம் வந்துருச்சு. நன்றி.

கிரீஸ்கை:
பிரஷ் எவ்வளவு தேஞ்சிருக்கு? பிரஷ் உரசுற கம்யூட்டேட்டர் கருப்பா இருந்துச்சா?

டீசல்புகை:
அண்ணே?

பழையவன்:
வயரைக் கழட்டியிருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்.