ஸ்டேஷன் மணிச் சத்தமும் கெட்டுப்போகும் தூக்கமும்: தீயணைப்புத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

தென்காசி மருமகள்:
வணக்கம். என் வீட்டுக்காரர் தீயணைப்புத் துறையில் ஓட்டுநர், வயது 43. ஒரு நாள் முழுக்க ட்யூட்டி, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில் வீட்டில் படுத்திருக்கும்போது பக்கத்துத் தெருக் கோயில் மணி அடித்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கண்ணைத் திறப்பதற்கு முன்பே கால் தரையில் ஷூவைத் துழாவுகிறது. அப்புறம் விடியும் வரை புரண்டுகொண்டே இருக்கிறார். குறட்டையும் இப்போது அதிகம். போன மாதம் பிரஷர் பார்த்ததில் 150/96. கேட்டால், "ஸ்டேஷன்ல படுத்துத் தூங்கத்தான செய்றேன்" என்கிறார். இது வேலையால் வருவதா? என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற வீரர்:
தங்கச்சி, ஸ்டேஷனில் படுப்பதைத் தூக்கம் என்று கணக்கில் எடுக்காதீர்கள். நான் முன்னணி தீயணைப்பு வீரராக இருந்து ஓய்வு பெற்றவன். மணி அடித்தால்தான் தூக்கம் கெடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அடிக்காத இரவிலும் காது, போன் எடுக்கும் வாட்ச் ரூமிலேயேதான் இருக்கும். அங்கே 101 போன் ஒலித்ததுமே பாதிப் பேருக்கு விழிப்பு வந்துவிடும். உள்ளே இருப்பவர், "எந்த ஊரு, பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டால் அழைப்பு உறுதி; அதற்குள் பேன்ட்டில் ஒரு கால் போயிருக்கும். "யாருப்பா நீ?" என்று குரல் மாறினால் எவனோ விளையாடுகிறான் என்று தெரிந்துவிடும். திரும்பப் படுக்கலாம், ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்வது சீக்கிரத்தில் அடங்காது.

மழைக்காலத்தில் பாம்பு, கோடையில் வைக்கோல் படப்பு, எப்போதும் கிணற்றில் விழுந்த மாடு. தென்னைநார் குடோன் பற்றினால் விடிய விடியப் புகையும், கிளறிக் கிளறித் தண்ணீர் அடிக்க வேண்டும். திரும்பி வந்து டேங்கை நிரப்பி, ஹோஸைக் காயப்போட்டு, குளித்துவிட்டுப் படுத்தாலும் உடம்பில் முறுக்கு இறங்காது.

உங்கள் வீட்டுக்காரர் ஓட்டுநர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்காவது வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு தெளிய நேரம் கிடைக்கும். அவர் எழுந்த கையோடு ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார், பின்னால் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர். எங்கள் ஸ்டேஷனில் பக்கத்தில் உட்காருபவர் ஊரையும் வழியையும் சத்தமாகச் சொல்வார், ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாய் குழறினால் மெதுவாகப் போகச் சொல்வோம். அவர்களும் அப்படிச் செய்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அரசு மருத்துவர்:
அண்ணன் சொல்வது அத்தனையும் சரி. ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவரைச் சத்தம் போட்டு எழுப்பினால் அட்ரினலின் பாய்ந்து இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரேயடியாக ஏறும். மூளை அந்த வேகத்தில் தெளியாது, அரை மணி நேரம்கூட ஆகலாம்.

அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இதயக் கோளாறால் இறக்கிறார்கள். அங்கே 2007இல் வந்த ஆய்வு ஒன்றில், அந்த இதய மரணங்களில் சுமார் 13 சதவீதம் அழைப்புக்குக் கிளம்பிப் போகும்போதே நடந்தவை, தீயை அணைக்கத் தொடங்கும் முன்பே. 2015இல் வந்த இன்னொரு ஆய்வில் ஏறக்குறைய 7,000 வீரர்களைக் கேட்டுப் பார்த்ததில் 37 சதவீதம் பேருக்குத் தூக்கக் கோளாறு இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. அதில் முதலிடம் தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கு. பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே அதுவரை தெரியாது.

அதனால் குறட்டையை 'அசதியில் வருவது' என்று விட்டுவிடாதீர்கள் அக்கா. குறட்டை, ஏறிய பிரஷர், இந்த வயது மூன்றும் சேர்ந்தால் தூக்கப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். தூங்கும்போது மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறாரா என்று கவனித்து, முடிந்தால் போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள். பிரஷரை ஒரு நாள் பார்த்ததோடு முடிக்க வேண்டாம். தொடர்ந்து சில நாள் காலையில், உட்கார வைத்துப் பார்த்து எழுதுங்கள், எது ட்யூட்டி முடிந்த காலை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் அழைப்புகளுக்கு ஓடிய மறுநாள் பைக்கை எடுக்காமல் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள்.

மில் சூப்பர்வைசர்:
நான் நைட் ஷிஃப்ட் பார்ப்பவன். எல்லாம் உடம்புக்குப் பழகிவிடும், பயப்படாதீர்கள்.

ஓய்வுபெற்ற வீரர்:
தம்பி, நைட் ஷிஃப்டில் நீங்கள் விழித்திருந்து வேலை பார்க்கிறீர்கள், இத்தனை மணிக்கு முடியும் என்பதும் தெரியும். எங்களுக்கு எப்போது எழுப்புவார்கள் என்றே தெரியாது. என்னோடு இருந்தவர்களில் ஓய்வு பெற்ற பிறகும் போன் அடித்தால் பதறுகிறவர்கள் உண்டு. பழகியிருந்தால் அது இருக்காது.

கலிபோர்னியாவாசி:
இங்கே நிலையங்களுக்கு மின்வேலை செய்கிறேன். புதிய நிலையங்கள் பலவற்றில் மணி எடுத்த எடுப்பில் அலறாது, மெல்லத் தொடங்கிச் சில நொடிகளில் உயரும். விளக்கும் சிவப்பாக, மங்கலாக எரியும். எந்த வண்டிக்கு அழைப்போ, அந்தக் குழு படுக்கும் அறையில் மட்டும் ஒலிக்கும்படி செய்துவிடுகிறார்கள். மற்றவர்கள் தூங்கலாம்.

தென்காசி மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சொன்னதைப் படித்துக் காட்டினேன், பரிசோதனைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி, மணியை மெதுவாக்குவதெல்லாம் நம்ம ஊரில் நடக்குமா?

ஓய்வுபெற்ற வீரர்:
அவ்வளவு வசதி வேண்டாம். எங்கள் மணி கட்டில் தலைமாட்டுச் சுவரிலேயே இருந்தது. நிலைய அலுவலரிடம் பேசி வராந்தாவுக்கு மாற்றினோம், ஒரு எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. சத்தம் எல்லோருக்கும் கேட்டது, தூக்கிவாரிப் போடுவது குறைந்தது. இரண்டு ஓட்டுநர்கள் இருந்தால் முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். இதையெல்லாம் அவர் ஸ்டேஷனில் கேட்கட்டும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ட்யூட்டி முடிந்து வந்ததும் ரேஷன் கடை, வயல், பிள்ளை ஸ்கூல் எதற்கும் அனுப்பாதீர்கள். சாப்பிட வைத்து, ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டுப் படுக்க வையுங்கள். போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துறையிலிருந்து அழைத்தால் மட்டும் எழுப்பினால் போதும், அதுவும் தோளைத் தொட்டு, பேர் சொல்லி.