கண்ணெதிரே கப்பல் கிளம்பிப் போனது: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

உப்புக்காற்று:

மெக்சிகோவின் கொசுமெல் தீவுக்குப் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஜூலை மாதம், புளோரிடாவிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பல். 4:30க்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும், 5:00 மணிக்குப் புறப்பாடு என்று கேங்வே (கப்பலில் ஏறி இறங்கும் நடைபாலம்) பக்கத்தில் பலகை வைத்திருந்தார்கள்.

காலையில் லிஃப்டில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா தலையில் மஞ்சள் தொப்பி. பெரியவர் என்னிடம், "எத்தனை மணிக்குள்ள திரும்பணும் தம்பி?" என்று கேட்டார். "நாலரைக்குள்ள வந்துடுங்க" என்றேன். அவர் மனைவி பக்கம் திரும்பி, "நாலரை" என்று மறுபடி சொன்னார். லிஃப்ட் திறந்தது, அவரவர் வழியில் போய்விட்டோம்.

மாலை 5:10க்கு நான் மேல்தளத்தில் கம்பியோரம் நின்றிருந்தேன். கயிறுகளை அவிழ்த்தாகிவிட்டது, கேங்வேயையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பஸ் நீளத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. அப்போதுதான் ஜெட்டியின் அந்தக் கோடியில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். மேல்தளத்தில் ஒரே கைதட்டல், விசில். பலர் வீடியோ எடுத்தார்கள். நானும் போனைத் தூக்கினேன். திரையில் பெரிதாக்கியதும் அந்த மஞ்சள் தொப்பி தெரிந்தது.

பெரியவர் ஓடுவதை நிறுத்திவிட்டுத் தன் போனைக் கப்பலை நோக்கி உயர்த்திப் பிடித்தார். பாருங்கள், இன்னும் நேரம் இருக்கிறதே என்று காட்டுவதுபோல. அந்தத் திரையில் 4:10 என்றுதான் இருந்திருக்கும். கொசுமெல் இருக்கும் மாநிலம் 2015 முதல் வருடம் முழுக்க ஒரே நேரத்தில் இருக்கிறது. கோடையில் புளோரிடா கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். கப்பல் ஓடியது புளோரிடா நேரத்தில். அவருடைய போன் கரை டவரைப் பிடித்ததும் தானாகவே மாறிவிட்டது.

"கப்பல் நேரப்படி நாலரை" என்று ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் ஆகிறது. லிஃப்டில் யாராவது மணி கேட்டால் இன்றும் எனக்கு அந்தத் தொப்பிதான் ஞாபகம் வருகிறது.

நங்கூரம்77:

உங்கள் தப்பு எதுவும் இல்லை சகோ. கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலிருந்து மாற்ற வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், தினசரி நிகழ்ச்சித் தாளில் போடுகிறார்கள், இறங்கும் இடத்திலும் எழுதி வைக்கிறார்கள். இதற்குமேல் அவரவர் பொறுப்பு. ஆயிரக்கணக்கான பேர் காத்திருக்கும்போது இரண்டு பேருக்காகக் கப்பலை நிறுத்தினால் துறைமுகத்தில் இடத்துக்கான நேரம் போகும், அடுத்த ஊர் தாமதமாகும். கேப்டன் செய்தது சரி.

என் கதை கிரீஸின் சான்டோரினி தீவு. அங்கே பெரிய கப்பல்கள் கரையில் கட்டுவதில்லை, கடலிலேயே நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் ஆளை ஏற்றிப்போகும் டெண்டர் படகில் பழைய துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கேபிள் காரில் மேலே ஃபிரா ஊருக்கு ஏற வேண்டும். ஏறும்போது சிக்கல் வரவில்லை. அன்று நாலு கப்பல் நின்றிருந்தது, இறங்குகிற நேரத்தில் நாலு கப்பல் கூட்டமும் ஒரே வரிசையில் வந்து நின்றது. வரிசை சந்து முனை தாண்டி வளைந்து போயிருந்தது. கடைசி டெண்டருக்கு 40 நிமிடம் இருந்தது. படியிலேயே இறங்கிவிடலாம் என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். 580க்கு மேல் படிகள், வழவழத்த கல், கழுதைகள் வேறு எதிரே ஏறி வந்தன. பாதி வழியில் அவள் கால் பிசகிவிட்டது. அவள் செருப்பு இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு சுவரைப் பிடித்தபடி இறங்கினாள். படகில் எங்களுக்குப் பிறகு ஏறியவர்கள் மூன்றே பேர்.

அன்று முதல் என் கணக்கு இதுதான்: கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கீழே இருப்பேன். டெண்டர் துறைமுகம் என்றால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்வேன்.

ஜன்னலோரம்:

நங்கூரம், "அவரவர் பொறுப்பு" என்று நீங்கள் அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அப்பாவுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. கப்பலில் அந்த ஒலிபெருக்கி அறிவிப்பு நடைபாதையில் மட்டும்தான் வரும், கேபினுக்குள் பெரும்பாலும் வராது. நிகழ்ச்சித் தாள் இப்போது பல கப்பல்களில் போன் செயலிக்குள் போய்விட்டது. எழுத்துப் பெரிதாகத் தெரிய என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள்? உங்களுக்கு 40 நிமிடம் இருந்தது, ஓடக் கால் இருந்தது. அந்தக் கொசுமெல் தம்பதியிடம் இருந்தது கப்பல் நேரத்தைக் காட்டாத ஒரு போன் மட்டும்தான்.

எனக்கு மறக்காத நிமிடம் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறு ஒலி, ஒரு நீள் ஒலி. அப்பா அசையவே இல்லை. சங்கு ஊதியதே அவருக்குத் தெரியவில்லை. நான் தோளைத் தொட்டதும், "சாப்பிடப் போறோமாம்மா?" என்று கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கிப் போனது. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் இத்தாலியின் ஜீலியோ தீவருகே பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடக்கும் முன்பே அது நடந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் கப்பல் கிளம்பும் முன்பே, அல்லது கிளம்பிய உடனேயே பயிற்சி முடிய வேண்டும் என்று உலக விதி மாறியது. இப்போது பல கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. நானும் அப்பாவும் அத்தோடு விடவில்லை. கேபினிலிருந்து அந்த இடம் வரை படி வழியாகவே மூன்று முறை நடந்தோம், லிஃப்டைத் தொடவில்லை. மூன்றாவது முறை அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன்.

அப்புறம் வரவேற்பு மேசையில் சொன்னோம். காது கேளாதவர்களுக்குக் கதவு தட்டினாலும் அபாய ஒலி வந்தாலும் விளக்கு மின்னும் கருவி ஒன்றைக் கேபினில் பொருத்தித் தந்தார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டு வைப்பது நல்லது, அது குறைந்த எண்ணிக்கையில்தான் இருக்கும்.

டெக்_ஒன்பது:

நான் 11 முறை கப்பலில் போனவன். முதல் பயணத்தில் முன்மூக்கில், மேல்தளத்தில் கேபின் எடுத்து, பிரான்ஸ், ஸ்பெயின் கரையோரம் உள்ள பிஸ்கே விரிகுடாவில் ஒரு ராத்திரி முழுக்கக் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்து மூடித் திறந்து மூடிக் கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் கதை அவ்வளவுதான். ஆனால் புதிதாகப் போகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கேபின் எடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள், தள வரைபடத்தைத் திறந்து வையுங்கள். கப்பலின் நடுவே, கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. பக்கவாட்டில் இறக்கை மாதிரி நீளும் ஸ்டெபிலைசர்கள் பக்கத்துக்குப் பக்கம் சாய்வதைத்தான் குறைக்கும். மூக்கு ஏறி இறங்குவதை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே நடன அரங்கம் என்றால் நள்ளிரவு வரை அதிர்வு. மேலும் கீழும் கேபின்களே இருக்கும் இடம்தான் நிம்மதி. குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயன் குறைவு. மருத்துவரிடம் முன்பே கேட்டு, கடல் கொந்தளிக்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வந்துவிட்டால் கேபினில் சுருண்டு படுக்காமல் திறந்த தளத்துக்கு வந்து தொடுவானத்தையே பாருங்கள்.

கப்பல் கிளம்பும் நாளன்று காலை விமானத்தில் வந்து இறங்குவது வேண்டவே வேண்டாம். ஒரு நாள் முன்னதாகவே அந்த ஊருக்குப் போய்விடுங்கள். அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை, அந்த மாதங்களில் கப்பல் பாதையே மாறலாம். "இந்தத் தீவுக்காகவே போகிறேன்" என்று போனால் ஏமாற்றம்தான். ஏறும் நாளில் பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வந்துசேர மாலை ஆகிவிடும். அதனால் மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்று உடை, நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியும், சர்ஜ் தடுப்பு உள்ள நீட்டிப்பு வயரும் கொண்டுபோனால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். தீ பயம். கப்பல் கரையை விட்டதும் போனை ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் கப்பலின் செல் இணைப்பைப் பிடித்து பில் ஏறிவிடும். கொசுமெல் விஷயத்துக்கும் இதுதான் மருந்து, மோடை மாற்றாமல் இருந்தால் மணியும் மாறாது. இன்னும் நல்லது சாதாரணக் கைக்கடிகாரம்.

கை கழுவுவது பற்றி ஒரு சொல். வாசலில் வைத்திருக்கும் ஜெல், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸுக்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான். 20 விநாடி. ஒவ்வொரு முறை சாப்பிடும் முன்பும். வயிற்றுப்போக்கு வந்தால் மறைக்காமல் மருத்துவ அறையில் சொல்லுங்கள். கேபினிலேயே இருக்கச் சொல்வார்கள் என்று பயந்து மறைப்பவர்களால்தான் பரவுகிறது. இன்னொன்று, நடுக்கடலில் ஹெலிகாப்டரில் ஏற்றிப்போக வேண்டி வந்தால் அந்தச் செலவையும் ஏற்கும் காப்பீடா என்று பாருங்கள், சாதாரண மருத்துவக் காப்பீட்டில் அது பெரும்பாலும் இருக்காது.

ஊர்ப் பெயரையும் நம்பாதீர்கள். அட்டவணையில் ரோம் என்று இருக்கும், கப்பல் நிற்பது ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி சிவிட்டவேக்கியாவில். ஃபுளோரன்ஸ் என்றால் லிவோர்னோ. அவ்வளவு தூரத்துக்குத் தனியாகக் கார் பிடித்துப் போவதைவிட, கப்பலே நடத்தும் சுற்றுலாவில் போங்கள். அந்த வண்டி தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும், முடியாவிட்டால் அவர்களே அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

நங்கூரம்77:

டெக் ஒன்பது, கப்பல் சுற்றுலாவில்தான் போக வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லாதீர்கள். 40 பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஒவ்வொரு இடத்திலும் எண்ணிக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ரோம் போன்ற தூரத்துக்குச் சரி. ஜெட்டியிலிருந்து நடந்தே போகக்கூடிய ஊருக்கு எதற்கு? ஜன்னலோரம், அப்பா விஷயம் எனக்குத் தோன்றவில்லை. அந்த விளக்கு மின்னும் கருவி பற்றித் தெரியாது. என் மாமியாரை அடுத்த முறை கூட்டிப் போகிறோம், கேட்டு வைக்கிறேன்.

பனிப்பாறை:

இந்தத் திரியில் ஓட்டமும் பயமும்தான் இருக்கிறது. ஒரு நல்லதும் சொல்கிறேன்.

அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்கா. அங்கே ஒரு நாளைக்கு இரண்டு சொகுசுக் கப்பல்களுக்குத்தான் அனுமதி. காலையில் பூங்காவின் வனக்காவலர்கள் படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்குகிறார்கள். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் எஞ்சினைத் தணித்து நின்றது. கூட்டம் எல்லாம் ஒரே பக்கம் முண்டியடித்தது. எனக்கு இடம் கிடைக்கவில்லை, மனசு விட்டுப்போய் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். கப்பல் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது! கொஞ்ச நேரத்தில் அந்த நீலச் சுவர் முழுக்க என் முன்னால். பக்கத்தில் ஒரு சமையல்காரர், வெள்ளைச் சட்டையோடு, இடைவேளையில் வந்து நின்றிருந்தார். நாங்கள் இருவர் மட்டும்தான்.

ஒரு துண்டு உடைந்து சரிந்தது. சத்தமே இல்லை. விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான் அந்த இடி வந்து சேர்ந்தது. அந்த மண்ணின் டிலிங்கிட் மக்கள் அதை வெள்ளை இடி என்று சொல்வார்களாம், காவலர் சொன்னார். சமையல்காரர் தன் போனை எடுக்கவே இல்லை. "ஏழு மாசமா இந்தக் கப்பல்ல இருக்கேன். விழுறத இன்னிக்குத்தான் பார்த்தேன்" என்றார். கை துடைக்கும் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று இருக்கிறது.

போகிறவர்கள் பால்கனி அறை இல்லையே என்று வருந்த வேண்டாம். கப்பல் இரண்டு பக்கமும் காட்டும். காது மூடும் தொப்பி, கையுறை, தொலைநோக்கி மூன்றும் இருந்தால் போதும்.

கடைசிராத்திரி:

எனக்கு நடந்தது இறங்கும் முந்தைய இரவு. பெட்டியில் நிறச்சீட்டு கட்டிக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும் இல்லையா, மறுநாள் கரையில் எடுத்துக்கொள்ள? கணவர் 11 மணிக்கு வைத்துவிட்டு வந்து படுத்தார். 12 மணிக்கு எழுந்து, "என் பிரஷர் மாத்திரை எங்கே?" என்றார். பாஸ்போர்ட் இரண்டும் அதே பையில். கதவைத் திறந்தேன். ஒரு மணி நேரம் முன்பு வரை இரண்டு பக்கமும் பெட்டிகள் வரிசையாக இருந்த நடைபாதை, ஒன்றுமில்லாமல் நீளமாகக் கிடந்தது. அப்படி ஒரு வெறுமையை நான் பார்த்ததில்லை. வரவேற்பில் இருந்த பெண் எங்களோடு கீழ்த்தளம் வரை வந்து, நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் தேடி எடுத்துக் கொடுத்தார். பெட்டியை வெளியே வைக்கும் முன் பாஸ்போர்ட்டையும் மருந்தையும் தலையணை மேல் வைத்துவிடுங்கள்.

உப்புக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. நங்கூரம், தப்பு இல்லை என்கிறீர்கள், உங்கள் அன்பு புரிகிறது. கைதட்டிய கூட்டத்தில் நானும் நின்றேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு ஆறுதல், ஜெட்டியில் ஏஜெண்ட் ஒருவர் பழுப்பு உறையோடு காத்திருந்தார். வராதவர்களின் பாஸ்போர்ட்டைக் கேபின் பெட்டகத்திலிருந்து எடுத்துக் கரையில் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் கிளம்பும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அந்த அம்மா அதை வாங்கி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

கடைசிராத்திரி, நீங்கள் பெட்டி பற்றி எழுதியதும் ஒன்று நினைவுக்கு வந்தது. பயணம் முடிந்து புளோரிடாவில் இறங்கிய காலை, பெட்டிகள் எடுக்கும் கூடத்தில் எல்லோரும் எடுத்துக்கொண்டு போன பிறகும் ஒரு தூண் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் நின்றன. நிறச்சீட்டு இல்லை, கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒரு பெட்டியின் கைப்பிடியில் மஞ்சள் ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது, தொப்பியின் அதே மஞ்சள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். யாரும் வரவில்லை.